வெள்ளைத்தாளில் எழுதியது

லிண்டால், நெப்ராஸ்கா
12 செப்டம்பர் 1926

அன்புத் தம்பி ஆர்விட்,

நீ ரயில் ஏறியதிலிருந்து மழை இல்லை. மற்றபடி கர்த்தர் ஒரு குறையும் வைக்கவில்லை. என் எய்னர் நடக்கத் தொடங்கிவிட்டான். நீ விட்டுப்போன பழைய தொப்பியை வீடெல்லாம் இழுத்துக்கொண்டு திரிகிறான், பிடுங்கினால் அழுகிறான். மாமனைத்தான் தேடுகிறான் என்று வைத்துக்கொள்.

அப்பா ஒரு வாரமாக உன் பேரை எடுக்கவில்லை. நேற்றுச் சாப்பாட்டு மேசையில் திடீரென்று, "சினிமாக்காரன் எவனாவது இந்த வீட்டுல பொறந்தானான்னு யாராச்சும் கேட்டா, பக்கத்து வீட்டுலன்னு சொல்லிடுங்க" என்றார். பக்கத்து வீடு எஸ்ட்லுண்ட் வீடு. அங்கே பிறந்ததெல்லாம் பெண் பிள்ளைகள். என் வீட்டுக்காரர் நெல்ஸுக்குச் சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. அப்பாவும் சிரித்துவிட்டார். அதனால் பாதி மன்னிப்பு கிடைத்துவிட்டது.

எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். படக் கொட்டகைக்குள் கால் வைப்பதில்லை என்று நம் சபையார் முன்னால் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீயும்தான் என் பக்கத்தில் நின்று கொடுத்தாய். அது உனக்கும் ஆண்டவருக்கும் உள்ள வழக்கு. நான் மீற மாட்டேன். நீ எவ்வளவு பெரிய படம் எடுத்தாலும் பார்க்க மாட்டேன். பார்க்காமலே உனக்காகத் தினமும் ஜெபிப்பேன். அதற்கு டிக்கெட் வேண்டாம்.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். அங்கே குளிரே இல்லை என்கிறாய், நம்ப முடியவில்லை.

அன்பு அக்கா
ஹுல்டா


ஹாலிவுட்
3 மார்ச் 1931

என் ஹுல்டா அக்காவுக்கு,

விளக்குத் தூக்கினேன். கேமராப் பெட்டி சுமந்தேன். இருட்டறையில் உட்கார்ந்து சுருள் சுருளாய் வெட்டி ஒட்டினேன். கடைசியில் போனால் போகிறதென்று என்னிடமே ஒரு படத்தைக் கொடுத்துவிட்டார்கள். உன் தம்பி இப்போது டைரக்டர்! அப்பாவிடம் சொல், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு என் வாழ்த்து.

கோதுமைக்காரர் குடும்பத்துக் கதை. ஆலங்கட்டி மழையில் பயிர் முழுக்கப் போகிறது. அந்தப் பெண் வயலிலிருந்து சமையலறைக்குள் வருகிறாள். எங்கள் நடிகை திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அலறுகிறாள். முதலாளிக்குப் பரம திருப்தி. "அவ அழுதா ஜனங்க அழுவாங்க, ஆர்விட். உனக்கு என்னய்யா இன்னும் வேணும்?" என்கிறார். எனக்குத் திருப்தி இல்லை. பொய் என்று தெரிகிறது, நிஜம் எதுவென்று தெரியவில்லை.

நான் சின்னவனாக இருந்தபோது நமக்கும் அப்படி ஒரு ஆலங்கட்டி விழுந்ததே. நான் அப்பாவோடு வெளியே நின்றேன். நீதான் உள்ளே இருந்தாய். அம்மா உள்ளே வந்ததும் முதலில் என்ன செய்தாள்? யோசித்து எழுது அக்கா. அந்தக் காட்சியை மட்டும் உனக்காகத் தள்ளி வைத்திருக்கிறேன்.

உன்
ஆர்விட்


லிண்டால்
9 மார்ச் 1931

அன்புத் தம்பி,

நீ கேட்டது நல்ல கேள்வி. நான் பார்க்கப்போகாத படத்துக்கு உதவுவது பாவமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மாவு பிசைவது எப்படி என்று சொல்வதில் பாவம் இல்லை என்று முடிவுக்கு வந்தேன்.

ஆனால் இதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். என் வீட்டில் சர்க்கரை டப்பாவில் உப்பு இருக்காது, உனக்குத் தெரியும். மளிகைக்கடையில் சாமான் சுற்றித் தருகிற பழுப்புத்தாளை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். உன் படத்துக்கு வேண்டியதை இனி அதில் எழுதுவேன். அதை நீ எடுத்துக்கொள், ஊருக்கெல்லாம் காட்டு, என் பேர் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதுவது என் தம்பிக்கு. அது உன்னைத் தாண்டிப் போகக் கூடாது. சம்மதம் என்று எழுது.

அக்கா
ஹுல்டா

*(பழுப்புத்தாள்)*

படத்துக்கு.

அவள் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றுகிறாள். ஜன்னல் பக்கம் பார்ப்பதில்லை. காலையில் பிசைந்து மூடிவைத்த மாவு, பாத்திரத்துக்கு மேல் உப்பி நிற்கிறது. மாவுக்கு ஆலங்கட்டி விழுந்தது தெரியாது. அவள் கையைக் கழுவிவிட்டு அதை ஒரு குத்துக் குத்துகிறாள். காற்று போகிறது. மறுபடி பிசைகிறாள். அழுவதில்லை.


ஹாலிவுட்
20 நவம்பர் 1936

அக்கா,

சம்மதம், சம்மதம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுத வேண்டுமா? வெள்ளை எனக்கு, பழுப்பு படத்துக்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இதையும் கேள். ஐந்து படம் ஆகிவிட்டது. நியூயார்க் பத்திரிகையில், "இந்த மனிதருக்கு வீடு என்றால் என்னவென்று தெரியும்" என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு வீடே இல்லை. இரண்டாம் மனைவியும் போய்விட்டாள். உன் பழுப்புத்தாள்தான் எனக்கு வீடு. மாவைக் குத்துகிற அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்க வருகிறார்களாம். இப்போது இந்த ஊரில் யார் படம் எடுத்தாலும் சோகம் வந்ததும் ஒரு பெண் சும்மா எதையாவது பிசைகிறாள். ஒரு படத்தில் ஒரு கோடீஸ்வரி கேக் மாவைக் குத்துகிறாள், வைர மோதிரத்தோடு!

என் படம் எதையும் பார்க்காமல் என்னை நேசிக்கிறவள் இந்த நாட்டில் நீ ஒருத்திதான். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

எய்னருக்கு ஒரு சின்னக் கேமரா அனுப்புகிறேன். மறுக்காதே.

ஆர்விட்


லிண்டால்
18 பிப்ரவரி 1945

தம்பி,

இது வெள்ளைத்தாள். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

எய்னர் பெல்ஜியத்துப் பனியில், சண்டையில் போய்விட்டான் என்று தந்தி வந்ததை உனக்குத் தெரிவித்தேன். அதற்குப் பிறகு நடந்ததை யாருக்கும் தெரிவிக்கவில்லை.

என்னால் ஜெபிக்க முடியவில்லை, ஆர்விட். ஆண்டவரே என்று தொடங்குகிறேன்; அடுத்த வார்த்தை இல்லை. கோபம்கூட இல்லை. கிணற்றில் வாளியை விட்டால் தட்டென்று காய்ந்த தரையில் மோதுகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறது. சபையில் முழங்கால் போட வேண்டியிருக்கிறது. பின்னால் எல்லாரும் பார்க்கிறார்கள். அதனால் உதட்டை அசைக்கிறேன். உள்ளே என்ன சொல்கிறேன் தெரியுமா? நிலவறையில் இருக்கிற ஜாடிகளை எண்ணுகிறேன். மேல் தட்டில் பிளம் பழம் இத்தனை, அடுத்த தட்டில் பீட்ரூட் ஊறுகாய் இத்தனை, வெள்ளரிக்காய் இத்தனை. எண்ணி முடிக்கும்போது போதகர் ஆமென் சொல்லிவிடுகிறார்.

"ஹுல்டா மாதிரி விசுவாசம் நமக்கு வராது, மகனைக் குடுத்துட்டும் எப்படி ஜெபிக்கிறா பாரு" என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். ஜெபக் கூட்டத்தில் என்னைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். நானும் நிற்கிறேன்.

இதெல்லாம் போகட்டும். நெல்ஸுக்கு எய்னர் போனதிலிருந்து ஜெபம் வாயில் வரவில்லை. அதை அவர் என்னிடம் ஒளிக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஒவ்வொரு நாளும் கேட்கிறார்:

"நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து ஜெபிச்சியா, ஹுல்டா?"

"ஜெபிச்சேன்."

"நீ ஜெபிச்சா போதும்."

அப்புறம்தான் கரண்டியை எடுக்கிறார். இல்லை என்று சொன்னால் அந்த மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்? அதனால் பொய் சொல்கிறேன். இந்தப் பாரத்தை ஒருவரிடமாவது இறக்காமல் முடியவில்லை. உன்னிடம் இறக்கினேன்.

அக்கா


லண்டன்
30 மார்ச் 1945

என் அக்கா,

ராணுவத்துக்காகப் படம் எடுத்துக்கொண்டு இங்கே இருக்கிறேன். உன் கடிதம் சுற்றி வளைத்து வந்து சேர்ந்தது. எய்னர் விழுந்த அதே பனியை நானும் படம் எடுத்தேன்.

நீ சொன்னபடியே அடுப்பில் போட்டுவிட்டேன். உன் பாரம் என்னோடு இருக்கும். யாருக்கும் போகாது.

ஆர்விட்


லிண்டால்
2 ஜூன் 1946

அன்புத் தம்பி,

நல்ல செய்தி முதலில். ஈஸ்டர் ஞாயிறன்று ஜாடி எண்ணத் தொடங்கினேன். பாதியில் மறந்துபோய் "ஆண்டவரே, நெல்ஸுக்கு முழங்கால் வலி" என்று வந்துவிட்டது. அடுத்த வார்த்தையும் வந்தது. கிணற்றில் தண்ணீர் ஊறுகிறது, தம்பி. நெல்ஸ் கேட்கும்போது இப்போது உண்மையைச் சொல்கிறேன். பழையதை அவருக்குச் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நம் சபைக் கட்டடத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ஆலயம் வருகிற படம் என்றால் சந்தோஷம்தான்.

அக்கா
ஹுல்டா

*(பழுப்புத்தாள்)*

படத்துக்கு.

நடுவில் இரும்பு அடுப்பு. அதன் குழாய் மேலே போய், கூரைக்கு ஒரு முழம் கீழே யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்து சுவருக்குள் போகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெஞ்சு; மாறி உட்கார்ந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். குழாய்க்குக் கீழே மூன்றாவது பெஞ்சு எங்களுடையது. மழைக்காலத்தில் கரித்தண்ணீர் சொட்டும். அதனால் அங்கே உட்காருகிற பெண் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருப்பாள். முழங்கால் போட்டால் பெஞ்சு கிறீச்சென்று கத்தும்.


லிண்டால்
16 நவம்பர் 1947

ஆர்விட்,

இன்று பக்கத்து வீட்டு டெக்லா எஸ்ட்லுண்ட் வந்தாள். காப்பி ஊற்றினேன். நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தாள்.

"நான் பாக்கல ஹுல்டா, என் மகதான் டவுனுக்குப் போய்ப் பாத்துட்டு வந்தா. உன் தம்பி புதுப் படம். அதுல நம்ம சபைதானாம். அடுப்புக் குழாய் வளைவுகூட அச்சு அசலா அப்படியேவாம்."

"நான்தான் எழுதிக் குடுத்தேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"குழாய்க்குக் கீழ மூணாவது பெஞ்சுல ஒருத்தி. மடியில தொப்பி. மகன் சண்டையில செத்துட்டான். அவ முழங்கால் போடுறா, உதடு அசையுது. ஜெபம்னு பாத்தா ஜெபம் இல்லையாம். அவ மனசுக்குள்ள பேசுறது நமக்குக் கேக்குதாம். ஜாடி எண்ணுறாளாம், ஹுல்டா."

நான் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

"காப்பி கெடக்குது. என் தங்கச்சி சாகக் கெடந்தப்ப உன்கிட்டதானே ஓடி வந்தேன்? என் கையப் புடிச்சிக்கிட்டு கண்ண மூடி உதட்ட அசைச்சியே. அது என்னது? வெள்ளரிக்காயா, பீட்ரூட்டா?"

அவள் காப்பியைத் தொடாமல் போய்விட்டாள்.

நெல்ஸுக்கு இன்னும் எட்டவில்லை. அதற்குள் எனக்கு எழுது. அப்படி ஒன்றும் இல்லை என்று எழுது. டெக்லாவின் மகள் தப்பாகப் பார்த்திருப்பாள் என்று எழுது. நான் நம்புகிறேன்.

ஹுல்டா


ஹாலிவுட்
24 நவம்பர் 1947

அக்கா,

தப்பாகப் பார்க்கவில்லை.

நான் கடிதத்தை எரித்தது உண்மை. ஆனால் எரிப்பதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டது. இரண்டு வருஷம் அதை எடுக்காமல் இருக்கப் பார்த்தேன். அந்தக் காட்சிக்கு வேறு பத்து விதமாக எழுதி வாங்கினேன். எல்லாம் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு அலறுகிற பெண்தான். நிஜம் எதுவென்று இந்த முறை எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே பொய்யை எடுக்க என்னால் முடியவில்லை. பிளம்மை பீச் ஆக்கினேன். ஊர்ப் பேரை மாற்றினேன். பெஞ்சு விஷயம் எனக்கு உறைக்கவே இல்லை, சத்தியமாக; குழாய்க்கு நேர்க் கீழே வெளிச்சம் நன்றாக விழுந்தது, அங்கே உட்கார வைத்தேன்.

எங்கே தோன்றியது என்று கேட்டவர்களிடமெல்லாம், காலையில் சவரம் செய்யும்போது தோன்றியது என்றேன். உன்னைக் காப்பாற்றத்தான்.

மகனை இழந்த தாய்மார்கள் எனக்கு மூட்டை மூட்டையாக எழுதுகிறார்கள். "எனக்கும் வாய் வரவில்லை, நான் மட்டும்தான் பாவி என்று நினைத்திருந்தேன்" என்று. அதை நீ வாசிக்க வேண்டும். உன் ஜாடிகள் எத்தனை பேரைத் தூக்கி நிறுத்தியிருக்கின்றன தெரியுமா?

நீ ஒருநாளும் பார்க்க மாட்டாய் என்றுதான் எடுத்தேன், அக்கா.

ஆர்விட்


லிண்டால்
11 ஜனவரி 1948

ஆர்விட்,

பார்த்தேன்.

கோதுமை கொட்டப்போன இடத்தில் ஒருவன் எல்லார் முன்னாலும், "உங்க வீட்டுல பீச் எத்தனை ஜாடி இருக்கு, நெல்ஸ்?" என்று கேட்டிருக்கிறான். இவருக்கு விளங்கவில்லை. "எங்க வீட்டுல பீச்சே போடுறது இல்லையே" என்று நல்லபடியாகப் பதில் சொல்லியிருக்கிறார். எல்லாரும் சிரித்தார்களாம். வந்து என்னிடம் கேட்டார், எதற்குச் சிரித்தார்கள் என்று. அப்போதுதான், எதற்காகச் சிரித்தார்கள் என்பதை நானும் என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அவர் டவுனுக்கு வண்டி ஓட்டி வந்தார். கொட்டகைக்குள் வரமாட்டேன் என்று வெளியே வண்டியிலேயே உட்கார்ந்தார்.

ஆண்டவர் முன்னால் சிறு வயதில் கொடுத்த வாக்கை இப்படி முறித்தேன். இருட்டில் தடவித் தடவி உட்கார்ந்தேன். அவ்வளவு பெரிய முகம் வரும் என்று யாரும் சொல்லவில்லை.

நியாயமாகச் சொல்கிறேன்: உன் வேலை நன்றாக இருக்கிறது. அந்தப் பெண் அழாமல் ஜாடி எண்ணியபோது எனக்கு அழுகை வந்தது. ஐயோ பாவம் இவள் என்றுகூட நினைத்தேன். அப்போது முன் வரிசையில் இருந்த டெக்லாவின் மகள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். திரையில் என் உதடு அசைகிறதே, கீழே அசைகிறதா என்று.

பிறகு அந்தப் புருஷன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். "நீ ஜெபிச்சா போதும்" என்றான். அதையும் விட்டுவைக்கவில்லை நீ. ஒரு எழுத்து மாற்றவில்லை.

வெளியே வந்து, பார்த்ததை நெல்ஸிடம் சொன்னேன். "நிஜமா?" என்றார்.

"ஆமா."

வண்டியைக் கிளப்பினார். எங்கள் தபால்பெட்டி அருகே நிறுத்தினார்.

"நான் கேட்ட நாளெல்லாமா?"

"எல்லா நாளும் இல்ல நெல்ஸ். இப்ப ஜெபிக்கிறேன். ஈஸ்டருக்கு அப்புறம்..."

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். சத்தம் போடவில்லை. "உன் மேல சாஞ்சிக்கிட்டு நின்னேன் ஹுல்டா. நீயே காத்துல நின்னிருக்க."

அன்றிலிருந்து அவர் கேட்பதில்லை. உட்காருகிறார், கரண்டியை எடுக்கிறார். ஜெபக் கூட்டத்தில் வேறொருத்தியை முன்னால் நிறுத்திவிட்டார்கள். சரிதான், நான் அவர்களுக்குப் பொய் சொன்னவள். அந்தத் தப்பு என்னுடையது. அதை உன் தலையில் கட்ட மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் பார்க்க மாட்டேன் என்று நம்பி எடுத்தாய். என் விசுவாசத்தின் மேல் உனக்கு அவ்வளவு நம்பிக்கை. உன் வார்த்தையை நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

வெள்ளைத்தாள் தீர்ந்துவிட்டது. இனி வாங்கப்போவதில்லை.

ஹுல்டா


ஹாலிவுட்
6 டிசம்பர் 1955

அக்கா,

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எழுதுகிறேன். நீ பதில் போடுவதில்லை. கடிதம் திரும்பியும் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

இப்போது எல்லாம் கலர், அகலத் திரை. என் சமையலறைகள் கடை ஜன்னல் மாதிரி இருக்கின்றன என்று பத்திரிகைக்காரன் எழுதுகிறான். அவன் சொல்வது சரி. பாரிஸிலிருந்து இளைஞர்கள் வந்தார்கள், தாங்களும் படம் எடுக்கப் போகிறார்களாம். என்னைப் பெரிய குரு என்கிறார்கள். இரண்டே காட்சியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மாவு, ஜாடி. நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

பழுப்புத்தாளிலாவது ஒரு வரி எழுதேன்.

ஆர்விட்


லாஸ் ஏஞ்சலஸ், மருத்துவமனை
19 செப்டம்பர் 1961

அக்கா,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்தை மன்னித்துக்கொள். நுரையீரல். டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

மொத்த வாழ்க்கைக்கும் சேர்த்து ஒரு பரிசு தருகிறார்களாம். போக முடியாது. அது வேண்டாம். ஒன்றே ஒன்று வேண்டும். நான் ரயில் ஏறியபோது தினமும் எனக்காக ஜெபிப்பதாக எழுதினாயே. இப்போது ஜெபி. நானே செய்து பார்த்தேன், எனக்கு வாய் வரவில்லை. நீ ஜெபித்தால் போதும்.

ஜெபித்தேன் என்று ஒரு வார்த்தை எழுது. நம்புவேன்.

உன் தம்பி
ஆர்விட்


*(பழுப்புத்தாள்)*

லிண்டால்
26 செப்டம்பர் 1961

படத்துக்கு.

தபால் வருகிறது. அவள் வாசலிலேயே நின்று வாசிக்கிறாள். தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம், ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடிதத்தில் திரும்பி வந்திருப்பதைப் பார்க்கிறாள். கடிதத்தை மடிக்கிறாள்.

ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறாள். மாவுப் பீப்பாய்க்குப் பக்கத்தில், தரையில், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முழங்கால் போடுகிறாள். வயதாகிவிட்டதால் மெதுவாக. நாற்காலி கிறீச்சிடுகிறது.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார். கேள்வி கேட்பதை விட்டுவிட்ட மனிதர். அவள் முழங்கால் போட்டால் அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருப்பார், இப்போதும் பார்க்கிறார்.

அவள் கண்ணை மூடுகிறாள். உதடுகள் அசைகின்றன. வெகுநேரம் அசைகின்றன.

இந்த முறை ஒலி சேர்க்காதே.

ஹுல்டா பெர்க்ஸ்ட்ராண்ட்